ஊர்ப் பேரு... யார் சொத்து?

ஒரு ஊரின் பெயரைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு ஐம்பது வருஷம் வியாபாரம் செய்கிறீர்கள். அதற்காக அந்த ஊருக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒரு பைசா வேண்டாம். ஊர்தான் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். புது ஸ்டேடியம் கட்டித் தர வேண்டும், வரியில் சலுகை தர வேண்டும். தராவிட்டால் பழைய ஊர்ப் பெயரை அழித்துவிட்டு, தருகிற ஊரின் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாம். சட்டப்படி இதில் ஒரு குற்றமும் கிடையாது.

நான் கதை விடவில்லை. பாட்டக்கெட் என்ற ஊருக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பாட்டக்கெட், அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில் இருக்கிறது. ஜனத்தொகை 75 ஆயிரம் சொச்சம். தண்ணீர் வேகத்தில் ஓடும் பஞ்சாலையை அமெரிக்காவில் முதன்முதலாக வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர் சாமுவேல் ஸ்லேட்டர். 1790-களில் அவர் அதைச் செய்தது இந்த ஊரில்தான். ஆலைகளால் வளர்ந்த ஊர், ஆலைகளாலேயே தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் கூலி குறைவான தென் மாநிலங்களைத் தேடி முதலாளிகள் போக, வேலையும் பின்னாலேயே போனது. ஊருக்கு மிச்சமிருந்த பெருமைகளில் ஒன்று, ‘பாட்டக்கெட் ரெட் சாக்ஸ்’ என்ற பேஸ்பால் அணி. செல்லமாக ‘பாசாக்ஸ்’.

பேஸ்பால் பற்றித் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. மேஜர் லீக் என்கிற பெரிய லீகில் 30 அணிகள். ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே சில குட்டி அணிகள், சின்னச் சின்ன ஊர்களில். இதுதான் மைனர் லீக். நாற்றங்கால் மாதிரி. பையன்களை இங்கே வளர்த்து, தேறியவனைப் பிடுங்கி மேலே நடுவார்கள். அவர்களும் ‘பண்ணை’ என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய அணி. யார் ஆடுவது, யாரை எப்போது மேலே கூப்பிடுவது என்பதெல்லாமும் பெரிய அணியின் இஷ்டம். உள்ளூர் முதலாளிக்கு டிக்கெட், ஹாட் டாக், பீர், விளம்பரப் பலகை. பாட்டக்கெட், பாஸ்டன் ரெட் சாக்ஸின் நாற்றங்கால். அதிலும் உச்சப் படியான ‘ட்ரிபிள் ஏ’. அங்கே ஜெயித்தவனுக்கு அடுத்த ஸ்டாப் பாஸ்டன்தான்.

பாஸ்டனின் கீழ்ப்படி அணி ஒன்று 1970-ல் பாட்டக்கெட்டுக்கு வந்தது. 1973-ல் அது ட்ரிபிள் ஏ ஆனது. ஆடிய இடம் மெக்காய் ஸ்டேடியம், 1942-ல் திறந்தது. சதுப்பு நிலத்தை மூடிக் கட்டியது என்பதால், கட்டிய மேயரின் பெயரைச் சொல்லி அன்றைக்கே ஊரில் கேலி பேசினார்கள். அந்த மேயரின் பெயரைத்தான் பிற்பாடு ஸ்டேடியத்துக்கும் வைத்தார்கள். ஊர்ப் பணத்தில் கட்டியது, ஊருக்குச் சொந்தமானது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆரம்ப வருஷங்கள் பரிதாபம். 1976-ல் அணியின் பெயரிலிருந்து பாட்டக்கெட்டை எடுத்துவிட்டு ‘ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்’ என்று மாற்றிப் பார்த்தார்கள். மாநிலத்தின் பெயரை வைத்தால் மாநிலமே வந்து குவியும் என்று கணக்கு. வரவில்லை. அணி திவால்.

அப்போது வந்தவர் பென் மாண்டர். பிரெஞ்சு பேசும் கனடா குடும்பம், நொடித்துப்போன நெசவாலைகளை வாங்கித் தூக்கி நிறுத்திச் சம்பாதித்து ஓய்வு பெற்றவர். 1977-ல் நொடித்துப்போன இந்த அணியையும் எடுத்துக்கொண்டார். அவர் செய்த முதல் புத்திசாலித்தனம், ஊர்ப் பெயரைத் திரும்பச் சட்டையில் எழுதியது. அடுத்தது, டிக்கெட் விலையை ஆலைத் தொழிலாளி குடும்பத்துக்குத் தாங்குகிற மாதிரி வைத்தது. வண்டி நிறுத்தக் காசு கிடையாது. முதல் வருஷம் வந்தவர்கள் 70 ஆயிரம் சொச்சம். 2005-ல் வந்தவர்கள் 6 லட்சத்து 88 ஆயிரம். ஊரின் ஜனத்தொகையைப் போல ஒன்பது மடங்கு!

மெக்காய் ஸ்டேடியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே, பள்ளத்தில். கையெழுத்து வேண்டுமென்றால் எட்டாது. அதனால் பொடிசுகள் பிளாஸ்டிக் பால் கேனின் வயிற்றை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். கீழே இருப்பவர் கையெழுத்துப் போட்டுக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் மேலே தூக்கிக்கொள்வார்கள். இதற்கு அந்த ஊர்ப் பெயர் ‘மீன் பிடிப்பது’. இதை எந்த மார்க்கெட்டிங் மேனேஜரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்தது.

அந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. 1981 ஏப்ரல் 18, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை ராத்திரி. பாட்டக்கெட்டுக்கு எதிராக ராச்செஸ்டர் ரெட் விங்ஸ். பேஸ்பாலில் ஆளுக்கு ஒன்பது முறை பேட்டிங். ஒன்பதிலும் சமமாக இருந்தால் யாராவது ஜெயிக்கும்வரை ஒவ்வொரு முறையாக நீட்டிக்கொண்டே போவார்கள். அன்றைக்கு நீண்டது... நீண்டது... நீண்டுகொண்டே இருந்தது. நள்ளிரவு 12.50-க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த வருஷம் அம்பயர்கள் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த விதி விட்டுப்போயிருந்தது. குளிர் தாங்காமல் ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் போட்டு எரித்துக் கை காய்ச்சினார்கள். 21-வது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுக்க, அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிட, பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் என்ற பையன் அடித்துச் சமமாக்கிவிட்டான். சொந்த அணிக்காரர்களே அவனைக் கட்டிப்பிடித்திருப்பார்களா, மொத்தியிருப்பார்களா, தெரியவில்லை. விடிகாலை 4.07-க்கு லீக் தலைவரை போனில் பிடித்து அனுமதி வாங்கி நிறுத்தினார்கள். 32 இன்னிங்ஸ், ஸ்கோர் 2-2. ஆரம்பத்தில் இருந்த 1,740 ரசிகர்களில் மிச்சமிருந்தவர்கள் 19 பேர்.

பாட்டக்கெட்டின் லூயிஸ் அபோன்ட்டே நடுராத்திரியில் தன் பங்குப் பந்துவீச்சை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். இத்தனை நேரம் எங்கே இருந்தாய் என்று மனைவி கேட்க, மைதானத்தில் என்று இவர் சொல்ல, அந்த அம்மா நம்பவில்லையாம். காலையில் பேப்பரில் வரும் பார் என்றிருக்கிறார். பேப்பர் அச்சுக்குப் போகும்போது ஆட்டமே முடியவில்லை. எப்படி வரும்?

மிச்சத்தை ஜூன் 23-ம் தேதி ஆடினார்கள். பெரிய லீகில் அப்போது வேலைநிறுத்தம். அதனால் நாட்டின் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் பாட்டக்கெட்டில். 18 நிமிஷத்தில் டேவ் கோசா ஒரு அடி அடிக்க, மார்ட்டி பேரட் ஓடி வர, 33-வது இன்னிங்ஸில் 3-2. தொழில்முறை பேஸ்பால் சரித்திரத்தின் மிக நீண்ட ஆட்டம். இரண்டு அணியிலும் மூன்றாவது பேஸில் நின்ற பையன்கள், பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸும் ராச்செஸ்டரின் கால் ரிப்கனும், பின்னாளில் ஜாம்பவான்கள். ரெண்டு பேரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். ஜெயிக்கவைத்த டேவ் கோசா? ஒரு நாள்கூட பெரிய லீகில் ஆடவில்லை. மைனர் லீக் என்றால் அதுதான்.

இந்த ரெண்டு அணிகளின் பெயரையும் மறந்துவிடாதீர்கள். பாட்டக்கெட், ராச்செஸ்டர். நான் சொல்ல வந்த வழக்கே இந்த ரெண்டு பேருக்கும் நடுவில்தான்.

*

பென் மாண்டர் 2010-ல் இறந்துபோனார். 2015-ல் அவருடைய மனைவி அணியை விற்றார். வாங்கிய கூட்டத்தின் முன்னணியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் தலைவராக இருந்த லாரி லுக்கீனோ. இன்னொருவர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டன் என்ற வக்கீல். வாங்கிய கையோடு அறிவித்தார்கள்: அணி பாட்டக்கெட்டை விட்டுப் பக்கத்திலிருக்கும் தலைநகர் பிராவிடன்ஸுக்குப் போகிறது! ஆற்றங்கரையில் எட்டரைக் கோடி டாலரில் புது ஸ்டேடியம். ஸ்டேடியத்தை நாங்கள் கட்டுகிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநில அரசு அதை வாடகைக்கு எடுத்துத் திரும்ப இவர்களிடமே உள்வாடகைக்கு விட வேண்டுமாம். கூட்டிக் கழித்தால் அரசுக்கு வருஷம் 40 லட்சம் டாலர் செலவு, 30 வருஷத்துக்கு. மொத்தம் 12 கோடி டாலர். எட்டரைக் கோடி ஸ்டேடியத்துக்குப் பன்னிரண்டு கோடி மானியம்!

பி.காம். படித்தவன் என்பதால் இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ரோட் ஐலண்ட்காரர்களுக்கும் அரித்தது. அவர்களுக்கு ஏற்கெனவே பட்ட காயம் இருந்தது. 2010-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பழைய நட்சத்திரம் கர்ட் ஷில்லிங் ஆரம்பித்த ‘38 ஸ்டூடியோஸ்’ என்ற வீடியோ கேம் கம்பெனிக்கு மாநிலம் ஏழரைக் கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது. 2012-ல் கம்பெனி திவால். பேஸ்பால்காரன் கையை நீட்டினால் பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஜனங்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அந்த வருஷமே ஸ்கெஃபிங்டன் மாரடைப்பில் இறந்தார். பிராவிடன்ஸ் திட்டமும் செத்தது.

ரெண்டாவது ரவுண்டு, 2017. சரி, பாட்டக்கெட்டிலேயே இருக்கிறோம், ஆனால் மெக்காய் வேண்டாம், ஸ்லேட்டர் ஆலைக்குப் பக்கத்தில் புதுசு வேண்டும். செலவு 8.3 கோடி டாலர். அணி 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, ஊர் 1.5 கோடி. இது முன்னதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் சட்டசபையில் இழுத்தார்கள். செனட் 2018 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. கீழ்ச்சபை கோடைக்காலம்வரை வைத்திருந்து, மாநிலம் ஜாமீன் நிற்காது என்று திருத்தி நிறைவேற்றியது. அதே ஆகஸ்டில் அணி அறிவித்துவிட்டது: நாங்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டருக்குப் போகிறோம்!

வூஸ்டர் என்ன கொடுத்தது? ஊர்ப் பெயரில் கடன் வாங்கிப் புது ஸ்டேடியம் கட்டிக் கொடுத்தது. ஆரம்பத்தில் சுமார் 9 கோடி டாலர் என்று பேச்சு. கட்டி முடித்துத் திறந்தபோது சுமார் 16 கோடி. வீடு கட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பாட்டக்கெட்டுக்கு ஒழுங்கான வழியனுப்பு விழாகூடக் கிடைக்கவில்லை. 2020 சீஸனை விடைபெறும் சீஸனாகக் கொண்டாட நினைத்தார்கள். கொரோனா வந்து அந்த வருஷம் மைனர் லீக் மொத்தமும் ரத்து. 2019 செப்டம்பரில் நடந்த ஆட்டமே கடைசி என்று ஆகிவிட்டது. 2020 கோடையில் மைதானத்துப் புல்வெளியில் மேஜை போட்டு ஜனங்களுக்குச் சாப்பாடு பரிமாறினார்கள். பந்து ஓடிய இடத்தில் உட்கார்ந்து பர்கர் சாப்பிட்டு ஊர் விடைபெற்றுக்கொண்டது. ஸ்டேடியத்தை 2025-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் உயர்நிலைப் பள்ளி வருகிறது.

*

இப்போது எதிர்க்கட்சி வக்கீல்கள் எழுந்திருப்பார்கள். “சார், வியாபாரம்னா வியாபாரம். முதலாளியின் சொத்து, அவர் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஹோட்டல்காரர் கடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனால் கேட்பீர்களா?”

கேட்க மாட்டேன். ஹோட்டல் போனால் அதே இடத்தில் நாளைக்கே இன்னொருத்தர் அடுப்பு மூட்டலாம். பாட்டக்கெட்டில் இன்னொருவர் ட்ரிபிள் ஏ அணி தொடங்க முடியுமா? முடியாது. எத்தனை அணி, எந்த ஊரில், யாருக்கு உரிமம் எல்லாவற்றையும் முடிவு செய்வது மேஜர் லீக். தனி லீக் ஒன்றில் சேர்ந்து ஆடலாம். ஆனால் பாஸ்டனுக்குப் போகும் பாதை அங்கே இருக்காது. 2020 வரை நாற்றங்கால் அணிகள் 160. 2021-ல் மேஜர் லீக் ஒரே வெட்டாக அதை 120 ஆக்கியது. நாற்பது ஊர்களுக்கு, போங்கப்பா என்று சொல்லியாகிவிட்டது.

வேறு தொழிலில் இப்படி எல்லா முதலாளிகளும் ஒன்று கூடி ஊர்களைப் பங்கு போட்டால் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் பாயும். பேஸ்பாலில் பாயாது. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அப்படி. பேஸ்பால் ஆட்டம் என்பது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, எனவே அந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். ஹோம்ஸ் என்ற புகழ்பெற்ற நீதிபதி எழுதிய தீர்ப்பு. 1953-லும் 1972-லும் வழக்குகள் திரும்ப வந்தன. அசையவில்லை. 1998-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பெரிய லீக் ஆட்டக்காரர்களின் வேலை விஷயத்தில் மட்டும் இந்த விலக்கை எடுத்தது. மைனர் லீகை அப்படியே விட்டுவிட்டது.

இது போதாதென்று 2018-ல் இன்னொரு கூத்து. மைனர் லீக் பையன்களுக்கு ஓவர்டைம் சம்பளம் தர வேண்டியதில்லை என்று ஒரு சட்டம். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் உள்ள பட்ஜெட் மசோதாவுக்குள் ஒளித்துவைத்து நிறைவேற்றினார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்’! சின்ன ஊர் அணிகளைக் காப்பாற்றத்தான் இது என்று வக்காலத்து வேறு. ரெண்டே வருஷத்தில் நாற்பது சின்ன ஊர் அணிகளை வெட்டினார்கள். ஆட்டக்காரர்கள் 2014-லேயே போட்டிருந்த சம்பள வழக்கில் 2022-ல் 18.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. அதே வருஷம் அவர்களுக்குச் சங்கமும் வந்தது. ஆக, ஆட்டக்காரன் தன் பங்கைக் கொஞ்சமாவது கேட்டு வாங்கிவிட்டான். ஊர்தான் இன்னும் கேட்கவில்லை.

எனவே தயவுசெய்து சுதந்திரச் சந்தை என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். ஊர்கள் போட்டி போட வேண்டும், முதலாளிகள் போட்டி போட வேண்டாம். இதற்குப் பெயர் சந்தையா?

இன்னொரு கட்சி உண்டு. “அரசு பணம் கொடுத்தது, அல்லது கொடுக்க முன்வந்தது, தப்பு. ஸ்டேடியத்தால் ஊர் வளராது” என்பவர்கள். இந்தத் துறையை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்களில் பெரும்பாலோர் கருத்தும் அதுதான். சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ செலவாகியிருக்கும் காசு ஸ்டேடியத்தில் செலவாகிறது, ஊருக்குப் புதுசாக எதுவும் வருவதில்லை என்பார்கள். சரியான வாதம். 2015-ல் பிராவிடன்ஸ் திட்டத்தை விரட்டியடித்த ஜனங்களுக்கு என் வணக்கம்.

ஆனால் எனக்குப் போதவில்லை. காசு கொடுப்பதா வேண்டாமா என்று மூன்று வருஷம் சண்டை போட்டார்களே, கொடுக்கிற காசுக்கு என்ன வாங்குவது என்ற கேள்வி அந்தத் திட்டங்களில் எங்கே இருந்தது? 2017 கணக்கையே எடுங்கள். 8.3 கோடியில் பொதுப்பணம் 3.8 கோடி. ஏறக்குறைய 46 சதவீதம். முதலீட்டில் 46 சதவீதம் போடுகிறவனுக்கு அணியில் எத்தனை பங்கு? பூஜ்யம்.

ஸ்டேடியம் ஊருக்குச் சொந்தமாக இருக்குமே என்பார்கள். மெக்காயும்தான் ஊருக்குச் சொந்தம். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே! அணி போன பிறகு அது வெறும் சிமென்ட். இடிப்பதற்கும் ஊர்தான் செலவழிக்க வேண்டியிருந்தது.

கணக்குப்பதிவியல் புத்தகத்தில் ‘நற்பெயர்’ என்று ஒரு பாடம் வரும். பிளஸ் டூ வணிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நிறுவனத்தின் மேஜை, நாற்காலி, கையிருப்பு எல்லாவற்றுக்கும் மேலே, அதன் பெயருக்காக ஒருவர் கூடுதலாகக் கொடுக்கும் விலை. இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். பாசாக்ஸின் நற்பெயரை யார் சம்பாதித்தது? மாண்டருக்குப் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. விடிகாலை நாலு மணிவரை குளிரில் உட்கார்ந்திருந்த அந்த 19 பேருக்கு? பால் கேனைக் கயிற்றில் கட்டி இறக்கிய பொடிசுகளுக்கு? 2015-ல் அணி கைமாறியபோது இந்த நற்பெயரும் சேர்ந்துதான் விலைபோனது. சம்பாதித்தவனுக்கு ஒரு வவுச்சர்கூட வரவில்லை.

*

“அதுக்காக ஊரே அணியை வாங்கிக்க முடியுமா? நடக்கிற கதையா பேசுங்க சார்.”

நடந்த கதையே இருக்கிறது. அந்த 33 இன்னிங்ஸில் எதிர்ப்பக்கம் ஆடிய ராச்செஸ்டருக்கு வாருங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஊர், ஜனத்தொகை ரெண்டு லட்சம் சொச்சம். ரெட் விங்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற பெரிய அணியின் சொந்தப் பண்ணையாக இருந்தது. கார்டினல்ஸ் அணி 1953-ல் பீர் கம்பெனிக்குப் போனது. பீர்க்காரர்கள் செலவுக் கணக்குப் பார்த்து, 1956 சீஸன் முடிந்ததும் ராச்செஸ்டர் வேண்டாம் என்றார்கள். அணியும் ஸ்டேடியமும் விற்பனைக்கு.

அங்கே மோரி சில்வர் என்று ஓர் உள்ளூர் வியாபாரி. அவர் முதலமைச்சரைப் பார்க்கப் போகவில்லை, மானியம் கேட்கவில்லை. பங்கு ஒன்று பத்து டாலர் என்று வைத்து ஊர் ஜனங்களிடம் விற்கக் கிளம்பினார். எழுபத்திரண்டு நாளில் விஷயம் முடிந்தது. 1957-ல் அணியை வாங்கிய பங்குதாரர்கள் 8,222 பேர்.

இந்த அணி பின்னாளில் எதையெல்லாம் தாண்டியது என்று பாருங்கள். ராச்செஸ்டர் என்றால் கோடக். நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களெல்லாம் ஒரு காலத்தில் எந்தக் கம்பெனி ஃபிலிமில் எடுத்தது? அதேதான். 1980-களின் தொடக்கத்தில் அந்த ஊரில் மட்டும் கோடக்கில் 60 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 2012-ல் கோடக் திவால் மனு போட்டது. உலகமே அறிந்த கம்பெனி படுத்துவிட்டது. பத்து டாலர் பங்குக்காரர்களின் அணி இன்றைக்கும் அதே ஊரில் அதே பெயரில் ஆடுகிறது. விளையாட்டு அணிகளில் பெரிய ஆட்டக்காரர் அணிந்த எண்ணுக்கு ஓய்வு கொடுப்பார்கள் அல்லவா, வேறு யாரும் அதைப் போடக் கூடாது என்று. ரெட் விங்ஸ் ஓய்வு கொடுத்த எண்களில் ஒன்று 8222.

ராச்செஸ்டரில் எல்லாம் பாலும் தேனுமா என்றால் இல்லை. 1990-களில் கட்டிய புது ஸ்டேடியத்துக்கு அங்கேயும் பொதுப்பணம்தான். 2021-க்குப் பிறகு, விளக்கு இந்த அளவு, உடை மாற்றும் அறை இந்த அளவு என்று மேஜர் லீக் போட்ட நிபந்தனைகள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் தருகிறாயா, இல்லை வேறு ஊருக்குப் போகட்டுமா என்று மிரட்ட ஒரு வெளியூர் முதலாளி அங்கே இல்லை. அந்த ஒரு வித்தியாசம் சாதாரண வித்தியாசமா?

ராச்செஸ்டர் மட்டும் என்று நினைக்காதீர்கள். இண்டியானாபோலிஸில் 1955-ல் இதே மாதிரி பத்து டாலர் பங்கு விற்றார்கள். டொலீடோவிலும் கொலம்பஸிலும் அணியே மாவட்ட நிர்வாகத்தின் கையில். இதற்கு விரோதமாகவும் ஓர் உதாரணம் இருக்கிறது, மறைக்கவில்லை. ராச்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள சிரக்யூஸ் அணியும் ஊர்ப் பங்குதாரர்களுடையதுதான். கையைக் கடித்ததும் 2017-ல் நியூயார்க் மெட்ஸுக்கு 1.8 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். விற்கட்டுமே! விற்றவர்கள் சொந்தக்காரர்கள். பணமும் அவர்களுக்கு வந்தது, அணியும் அதே ஊரில் இருக்கிறது. பாட்டக்கெட்டுக்கு இதில் எது கிடைத்தது?

பெரிய முதலாளிகளுக்கு இந்த யோசனை எவ்வளவு கசக்கும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மெக்டொனால்ட்ஸ் சாம்ராஜ்யத்தை வளர்த்த ரே க்ராக்கின் மனைவி ஜோன் க்ராக், கணவர் விட்டுப்போன சான் டியாகோ பேட்ரெஸ் என்ற பெரிய லீக் அணியை அந்த ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிட விரும்பினார். இலவசமாக! மற்ற முதலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 1990-ல் அவர் அதைத் தனியாருக்கு விற்க வேண்டியதாயிற்று. ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? ஊர் ஒரு முறை முதலாளி ஆகிவிட்டால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும். ‘அடுத்த ஊர் காத்திருக்கிறது’ என்ற பூச்சாண்டியும் அப்புறம் செல்லாது.

நான் கேட்பது தர்மம் இல்லை. பொதுப்பணம் போனால் அதே விகிதத்தில் பங்குப் பத்திரம் வர வேண்டும். அணியை விற்றால், முதலில் வாங்கும் உரிமை அந்த ஊருக்கு. ஊரை விட்டுப் போனால், ஊர் போட்ட பணம் வட்டியோடு வர வேண்டும். இதில் எது புரட்சி? பத்து லட்சம் ரூபாய் போடுகிற தூங்கும் கூட்டாளிகூடக் கூட்டாண்மைப் பத்திரத்தில் இவ்வளவு எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட மாட்டான்.

வூஸ்டர் எழுதி வாங்கியதா? அணி 30 வருஷம் இங்கேயே ஆடும் என்று வாங்கியது. வந்தவர்கள் யாரிடம் போய்ச் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். லுக்கீனோ 2024-ல் இறந்துபோனார். அதற்குச் சில மாதம் முன்பே, அணியை டைமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்பது முடிவாகிவிட்டது. அந்த நிறுவனம் சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கையில். 2021-ல் ஆரம்பித்தது, மிச்சமிருக்கும் 120 அணிகளில் நாற்பதுக்கு மேல் வாங்கிவிட்டது. மூன்றில் ஒன்று! அத்தனை சட்டைகளிலும் அந்தந்த ஊர்ப் பெயர் அழகாக இருக்கிறது. சாவிக்கொத்து ஒரே இடுப்பில்.

பாட்டக்கெட் சும்மா இருக்கவில்லை. பேஸ்பாலுக்குத் தயங்கிய அதே மாநிலம், ஆற்றங்கரையில் ஒரு கால்பந்து ஸ்டேடியத்துக்கு பாண்டு போட்டுப் பொதுப்பணம் கொடுத்தது. 2025-ல் திறந்தார்கள். ஸ்டேடியத்துக்கு ஒரு வங்கியின் பெயர். அணியின் பெயர் ‘ரோட் ஐலண்ட் எஃப்.சி.’. சட்டையில் இந்தத் தடவை பாட்டக்கெட் என்ற வார்த்தையே இல்லை.